திரைவழி ஆற்றுப்படுத்தலும் கதவுள்ள அறையும்

சிறுவர்க்கும் வளரிளம் பருவத்தினர்க்கும் அவர்தம் குடும்பத்தினர்க்கும் தொலைபேசி வழியாகவும் காணொளி வழியாகவும் மனநல ஆலோசனை வழங்கும் முறை இன்று நம் நாட்டில் பரவி வருகிறது. சேகரங்களில் பணியாற்றும் ஆயர்கள் இதனை இருவகையாக நோக்கக் காண்கிறோம். சிலர், முகத்துக்கு முகம் பாராமல் செய்வது ஆலோசனையாகுமா என ஐயுறுகின்றனர். வேறு சிலர், எல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கும்போது இதில் நமக்கு என்ன பங்கு என ஒதுங்கிவிடுகின்றனர். இவ்விரு கருத்துகளும் பொருந்தா என்பது நம் துணிபு. இம்முறை எவ்வாறு தோன்றியது, எவ்வாறு நடைபெறுகிறது, எதைத் தருகிறது, எதைப் பறிக்கிறது என்பவற்றை ஈண்டு விளக்க முற்படுகிறோம். அது பறிக்கும் ஒன்றை, உள்ளூரில் உள்ள சபையே திரும்பத் தர இயலும் என்பது நாம் சொல்ல விழையும் கருத்து.

'ஆற்றுப்படுத்தல்' என்னும் சொல்லைப்பற்றி ஒரு குறிப்பு. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிர்ப்பட்ட வறிய பாணனுக்கு வழியைக் கூறி அனுப்புவதே நம் பழைய இலக்கியத்தில் ஆற்றுப்படை. வழி கூறுபவன் உடன் செல்வதில்லை. நடக்க வேண்டியவன் மற்றவனே. ஆலோசனை என்றவுடன் அறிவுரை கூறுதல் என்றே நம் சபையார் பொருள்கொள்வதால், இச்சொல்லையே பெரிதும் ஆள்கிறோம்.

ஆயர்கள் தொடங்கிய பணி

தொலைபேசிவழி ஆற்றுப்படுத்தலின் தோற்றத்தைத் தேடிச் செல்வோர், மருத்துவமனை ஒன்றைக் கண்டடைவோம் என எதிர்பார்த்து, ஓர் ஆலயத்தின் வாசலில் போய் நிற்க நேரிடும். 1935ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் உதவிக் குருவாயிருந்த சாட் வாரா என்பவர், தம் முதல் அடக்க ஆராதனையை நடத்தினார். அடக்கம் செய்யப்பட்டவள் 14 வயதுச் சிறுமி. அவளுக்கு முதன்முறையாக மாதவிடாய் வந்தது. அது இன்னதென அறியாமல், தகாத நோய் தன்னைப் பற்றிக்கொண்டதென அஞ்சித் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். அவளுக்கு வீடு இருந்தது. அவ்வூரில் பள்ளியும் ஆலயமும் இருந்தன. ஆயினும் இதனைக் கேட்டறிய ஓர் ஆள் அவளுக்கு அகப்படவில்லை. இளையோரிடம் வெட்கமின்றிப் பேசுவதைத் தம் ஊழியத்தின் ஒரு பகுதியாக வாரா ஏற்றுக்கொண்டது அவ்வடக்கத்துக்குப் பின்னரே.

18 ஆண்டுகள் கழித்து, 1953ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள், இலண்டன் நகரின் புனித ஸ்தேவான் வால்புரூக் ஆலயத்தில் அவர் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு அமர்ந்தார். வாழ்வை முடித்துக்கொள்ள எண்ணுவோர் அழைக்கலாம் என்று அறிவித்தார். அழைத்தவர்களும் நேரில் வந்தவர்களும் பெருகவே, காத்திருப்போர்க்குத் தேநீர் கொடுத்து அருகில் அமர்ந்திருக்கத் தன்னார்வலர் சிலரைச் சேர்த்துக்கொண்டார். பிறகு நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. காத்திருந்தோரில் பலர், தேநீர் கொடுத்தவரிடமே மனத்தைத் திறந்து பேசிவிட்டு, குருவைக் காணாமலேயே ஆறுதலுடன் வீடு திரும்பினர். இதனை உணர்ந்த வாரா, 1954 பிப்ரவரியில் தொலைபேசியைத் தன்னார்வலர் கையிலேயே ஒப்படைத்துவிட்டார். 'சமாரியர்' என இன்று உலகறிந்த இயக்கம் இதுவே. தம்மைவிடத் தேநீர் கொடுத்தவர் நன்கு செய்தார் என ஒரு குருவானவர் கண்டுகொண்டது எளிய செயல் அன்று. நம் சபைகளில் அது இன்றும் அரிதே.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் மெதடிஸ்ட் போதகரான ஆலன் வாக்கர், 1963ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் 'லைஃப்லைன்' என்னும் தொலைபேசிப் பணியைத் தொடங்கினார். தம்மை அழைத்துப் பேசிய ஒருவர், நேரில் சந்திப்பதற்குள் உயிர் துறந்ததே அதற்குத் தூண்டுதலாயிற்று. கொழும்பில் 1974 முதல் சுமித்ரயோவும், சென்னையில் 1986 முதல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் நிறுவிய சிநேகாவும் இவ்வழியில் வந்தவை. இவை சமயம் சாராதவை. குழந்தைகளுக்கென்றே மும்பையில் ஜெரூ பில்லிமோரியா 1996இல் தொடங்கிய சைல்டுலைன், 1098 என்னும் எண்ணைக் கொண்டது. பத்து, ஒன்பது, எட்டு எனக் கீழ்நோக்கி எண்ணத் தெரிந்த தெருக்குழந்தைக்கும் நினைவில் நிற்கும் எண் அது. 2023 முதல் அதனை அரசுத் துறைகளே நேரடியாக நடத்தி வருகின்றன. 2022 அக்டோபர் 10ஆம் நாள் மத்திய அரசு, பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தைத் தலைமையாகக் கொண்டு டெலி-மானஸ் என்னும் பணியைத் தொடங்கியது. 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றிப் பேசலாம். தமிழ்நாட்டில் அது 'நட்புடன் உங்களோடு' என்னும் பெயர் பெற்றிருக்கிறது.

தேவை எத்துணை என்பதற்கு ஒரு கணக்கு போதும். 2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுவரை உள்ளோரில் 7.3 விழுக்காட்டினர்க்கு ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு இருப்பதாகக் கண்டது. 50 பிள்ளைகள் அமர்ந்திருக்கும் திடப்படுத்தல் வகுப்பு ஒன்றில் இது மூவரோ நால்வரோ ஆகும். அவர்கள் யாவர் என்பதை வகுப்பு நடத்தும் ஆயர் பெரும்பாலும் அறியார்.

திரையின் பயனும் எல்லையும்

காணொளிவழி மனநலப் பணி அண்மைக் காலத்துப் புதுமை என்று எண்ணுவோர் உளர். 1959ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் செசில் விட்சன் என்னும் மனநல மருத்துவர், இருபுறமும் பார்த்துப் பேசத்தக்க தொலைக்காட்சி இணைப்பின் வழியே குழுச் சிகிச்சை நடத்தினார். நம் நாட்டில், 1984இல் சென்னையில் நிறுவப்பட்ட ஸ்கார்ஃப் என்னும் நிறுவனம், 2010 முதல் புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. பேருந்துக்குள் ஓர் அறை, அறைக்குள் ஒரு திரை. திரையில் சென்னையிலிருக்கும் மருத்துவர். அவர் எழுதும் மருந்தை அப்பேருந்திலேயே பெற்றுக்கொள்ளலாம். மனநல மருத்துவரைக் காணச் சென்னைக்கோ மதுரைக்கோ ஒரு நாள் கூலியை இழந்து பயணம் செய்ய வேண்டியவர்க்கு இது எத்தகைய உதவி என்பதைக் கிராமச் சேகரங்களில் பணியாற்றியவர் அறிவர்.

வயதுக்கேற்ப இம்முறை மாறுபடுகிறது. ஐந்து வயதுக் குழந்தையைத் திரைமுன் அமர்த்தி மனத்திலுள்ளதைச் சொல் என்றால் அது சொல்லாது. நேரில் என்றால் பொம்மைகளைப் பரப்பி, குழந்தை விளையாடும் முறையிலிருந்தே அதன் அச்சத்தைக் கண்டறிவர். திரையில் கைகள் இல்லை. ஆகவே பெற்றோரே கைகளாக மாற வேண்டியிருக்கிறது. 1970களில் ஷீலா ஐபெர்க் என்னும் அமெரிக்க உளவியலாளர் வகுத்த பெற்றோர்-குழந்தைச் சிகிச்சை இதற்கு நன்கு பொருந்துகிறது. அதில் தாய் தன் குழந்தையுடன் விளையாடுவாள். ஒருபுறம் மட்டும் ஊடுருவித் தெரியும் கண்ணாடிக்கு அப்பாலிருந்து உளவியலாளர் நோக்குவார். தாயின் காதில் பொருத்திய சிறு கருவியின் வழியே, 'கட்டைகளை அவனே அடுக்குகிறான். அதைச் சொல்லிப் பாராட்டுங்கள்', 'இந்தச் சிணுங்கலைக் கவனியாதது போல் இருங்கள்' என அவ்வப்போது கூறுவார். இன்று கண்ணாடிச் சுவரின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. குழந்தை அடம்பிடிக்கும் அதே வீட்டில், அதே பாயின்மேல் பயிற்சி நடைபெறுவதால், மருத்துவமனை அறையில் கற்றதை வீட்டுக்குக் கொண்டுவரும் இடர்ப்பாடு குறைகிறது. சிறு குழந்தைகளுக்குத் திரை உதவாது என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது சரியன்று.

வளரிளம் பருவத்தினர் நிலை வேறு. அவர்களில் பலருக்கு எதிரே அமர்ந்து கண்ணோடு கண் நோக்கிப் பேசுவதே துன்பம். திரையில் அத்துன்பம் குறைவு. குரல் மட்டும் போதும் என்று படத்தை அணைத்துவிடவும் அவர்களால் இயலும். இதைவிடப் பெரிய ஆதாயம் ஒன்றுண்டு. மறுமுனையில் இருப்பவர் ஊரார் அல்லர், உறவினர் அல்லர், சாதியார் அல்லர், சபையாரும் அல்லர். நாம் இதனை நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும். ஆயர் அப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர். அதன் வீட்டில் உணவருந்தியவர். அதன் தந்தையுடன் சேகரக் குழுவில் அமர்பவர். அவரிடம் அது எதைச் சொல்லும்? நாம் பிள்ளைகளுக்கு அணுக்கமாயிருக்கிறோம் என்பதே சிலவற்றை நம்மிடம் சொல்லவொட்டாமல் தடுக்கிறது.

குடும்பத்தைப் பொறுத்தவரை நம் நாட்டுக்கு ஒரு தனி மரபு உண்டு. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யாசாகர் 1950களில் வளாகத்திலேயே கூடாரம் அடித்து, நோயாளியுடன் குடும்பத்தாரையும் தங்கச் செய்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் உடன் தங்கும் உறவினரைச் சிகிச்சையின் பங்காளராகவே கொண்டு வளர்ந்தது. திரையோ குடும்பத்தை ஒரு சிறு சட்டத்துக்குள் நெருக்கி அமர்த்துகிறது. கைப்பேசியைப் பிடித்திருப்பவரே பேச்சையும் பிடித்துக்கொள்கிறார். அவர் பெரும்பாலும் தந்தையே. பாட்டி சட்டத்துக்கு வெளியே இருந்து விடை சொல்கிறார். தேர்ந்த ஆற்றுப்படுத்துநர் இதனையே செய்தியாகக் கொண்டு, கைப்பேசியை மகளிடம் கொடுக்கச் சொல்லிப் பார்ப்பார். வளைகுடா நாட்டில் உழைக்கும் தந்தை, ஈராண்டுக்கு ஒருமுறை மட்டுமே ஊருக்கு வரும் நிலையில், அங்கிருந்தே மகனுடைய ஆலோசனையில் கலந்துகொள்ள இயல்வது திரையினால் மட்டுமே கிடைத்த நன்மை.

மொழியைப்பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். துறைசார்ந்தோர் 'மன அழுத்தம்' என்கின்றனர். தேர்வுக்கு முன் வரும் பரபரப்பையும், வாரக்கணக்கில் உணவும் உறக்கமும் இன்றிப் படுத்துக்கிடக்கும் நோயையும் அதே சொல்லால் குறிக்கின்றனர். பிள்ளைகளோ 'மனசு சரியில்லை', 'நெஞ்சு படபடங்குது', 'ஒண்ணும் பிடிக்கல' என்பார்கள். வீட்டார் 'எதையோ கண்டு பயந்துட்டான்' என்பார்கள். முகமும் உடலும் முழுமையாகத் தெரியாத திரையில், சொல்லே பெரும்பாலும் துணை. ஆகையால் பிள்ளை சொன்ன சொல்லையே திருப்பிக் கேட்டு, அது எத்தனை நாளாக, எந்நேரத்தில் என விசாரிப்பதே சிறந்த முறை.

வீட்டில் இல்லாத அறை

மேற்சொன்ன நெப்ராஸ்கா முயற்சியையும் புதுக்கோட்டைப் பேருந்தையும் மறுபடியும் நோக்குவோம். இரண்டிலும் திரையுடன் ஓர் அறையும் சேர்ந்தே வந்தது. மருத்துவமனையார் இரு முனைகளிலும் அறை வைத்தனர். பேருந்தார் அறையையே சக்கரத்தின்மேல் கொண்டுவந்தனர். 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் எல்லாம் அடைபட்டபோதுதான் திரை மட்டும் தனியே வீட்டுக்குள் நுழைந்தது. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரை வகுப்புகளுக்குப் பள்ளிகள் மறுபடியும் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் நாள். அதுவரை, வீட்டுக்கு வெளியே தனக்கென ஓர் இடம் என்று பிள்ளைகளுக்கு இருந்த பள்ளியும் இல்லை.

ஆற்றுப்படுத்துநர் நேரில் கொடுத்து வந்தவற்றுள் முதன்மையானது, கதவை மூடிய ஓர் அறை. அவர் பேசுமுன்பே அந்த அறை, 'இங்கு நீ சொல்வது வெளியே போகாது' என்று பிள்ளைக்கு உணர்த்திவிடும். தொலைவழிப் பணியில் அந்த அறையைத் தரும் பொறுப்பு, ஓசையின்றி, பிள்ளையின் வீட்டார்மேல் வந்து விழுகிறது. ஒரே அறையும் ஒரு திண்ணையும் உள்ள வீட்டில், ஐவர் உறங்கும் இடத்தில், தந்தைக்குச் சொந்தமான ஒரே கைப்பேசியில், தந்தையைப்பற்றியே பேச வேண்டிய மகள் எங்குச் சென்று பேசுவாள்? மாடி உள்ளவர் மொட்டை மாடிக்குச் செல்கின்றனர். மற்றவர் கிணற்றடிக்கும் மாட்டுத்தொழுவத்துக்கும் செல்கின்றனர். பேசி முடித்தபின்னும் அழைப்புப் பட்டியலில் எண் நிற்கிறது. அடுத்த சந்திப்பை நினைவூட்டும் குறுஞ்செய்தி தந்தையின் கண்ணில் படுகிறது.

இப்பணியில் உள்ளோர் சில உபாயங்களைக் கையாள்கின்றனர். 'இப்பொழுது எங்கே இருக்கிறாய்? அருகில் யார் இருக்கிறார்கள்?' என்பதே முதற்கேள்வி. ஆம், இல்லை என்னும் விடைகளால் முடியுமாறு வினாக்களை அமைக்கின்றனர். யாரேனும் உள்ளே வந்துவிட்டால் கணக்குப் பாடத்தைப்பற்றிப் பேசத் தொடங்குவது போன்ற ஓர் அடையாளத்தை முன்னரே பேசி வைக்கின்றனர். காதுக்கருவி இருந்தால் வினா வெளியே கேளாது; விடை கேட்கும். பேச இயலாதவர் எழுதி அனுப்பலாம். இவையெல்லாம் நல்லவையே. ஆயினும் அறை இல்லாத குறையை இவை முற்றும் போக்குவதில்லை.

இக்குறையினால் பிள்ளைகள் எங்குச் செல்கின்றனர் என்பதையும் நாம் அறிதல் வேண்டும். 1966ஆம் ஆண்டு ஜோசப் வைசன்பாம் என்னும் அமெரிக்க அறிஞர், மனநல மருத்துவரைப் போல் விடையளிக்கும் 'எலைசா' என்னும் கணினி நிரலை உருவாக்கினார். சொன்னதையே சற்று மாற்றிக் கேள்வியாகத் திருப்பித் தருவதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. அவர் அதனை உருவாக்கி வந்ததைப் பல மாதங்களாகப் பார்த்திருந்த அவருடைய செயலாளரே, அதனுடன் சிறிது உரையாடியபின், அவரை அறையைவிட்டு வெளியே போகுமாறு கேட்டுக்கொண்டார். அது பொறியே என்று அறிந்திருந்தும் அவருக்குக் கதவடைத்த தனிமை தேவைப்பட்டது. இன்று இரவு 12 மணிக்குப் போர்வைக்குள் கைப்பேசியை வைத்துக்கொண்டு செயற்கை அறிவுப் பொறியிடம் தன் துயரைத் தட்டச்சு செய்யும் பிள்ளையை நாம் கடிந்துகொள்வது எளிது. அப்பொறியுடன் பேச அறை வேண்டாம், குரல் வேண்டாம் என்பதை நாம் காண்பதில்லை. ஆயின் அது ஆபத்தற்றது அன்று. 2024 அக்டோபரில் அமெரிக்காவில் ஒரு தாய், 14 வயதுள்ள தம் மகனின் சாவுக்கு அவன் உரையாடி வந்த பொறி காரணமாயிற்று என வழக்குத் தொடுத்தார். பிள்ளையின் பேச்சில் சாவின் சாயல் தெரியும்போது, வீட்டு முகவரியைக் கேட்டு, அருகிலிருக்கும் பெரியவரை அழைத்து, உதவி வந்து சேரும்வரை பேச்சை நீட்டித்திருக்கும் மனிதர் அங்கு இல்லை.

இரகசியமும் சட்டமும்

இங்கு ஆயர்கள் அறிந்திருக்க வேண்டிய சட்டங்கள் சில உள. 2020 மார்ச் 25ஆம் நாள் வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகளின்படி, உரிய வயது நிரம்பாத சிறார் மருத்துவரைத் தொலைவழியில் கலந்துகொள்ளும்போது பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். அவர் யார் என்பதும் உறுதி செய்யப்பட வேண்டும். பிள்ளையின் பாதுகாப்புக்காக வகுத்த விதி இது. ஆயினும் உடனிருக்கும் பெரியவரே பிள்ளையின் அச்சத்துக்குக் காரணமாயிருந்தால் என்ன செய்வது? நல்ல மருத்துவர்கள் தொடக்கத்தில் பெற்றோருடன் பேசிவிட்டு, பிறகு பிள்ளையுடன் தனித்துப் பேச இசைவு பெறுகின்றனர். எவை இரகசியமாக இருக்கும், எவை பெற்றோர்க்குச் சொல்லப்படும் என்பதை அனைவரும் கேட்கவே முதல் நாளில் சொல்லிவிடுகின்றனர். உயிருக்கு ஆபத்து, பிள்ளைக்கு இழைக்கப்படும் கொடுமை, பிறர்க்கு நேரக்கூடிய தீங்கு ஆகியவை இரகசியத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. உதவி எண்களை அழைப்பதற்கோ பெற்றோரின் இசைவு வேண்டியதில்லை. பிள்ளை தானாகவே 1098ஐயும் 14416ஐயும் அழைக்கலாம்.

அடுத்தது, 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். 18 வயதுக்குட்பட்டோர்க்கு எதிரான பாலியல் குற்றம் நிகழ்ந்ததென அறிந்த, அல்லது நிகழக்கூடுமென அஞ்சும் எவரும் காவல்துறைக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ தெரிவித்தாக வேண்டும் என்று அதன் 19ஆம் பிரிவு கூறுகிறது. தெரிவியாதவர்க்கு ஆறு மாதம்வரை சிறைத்தண்டனை விதிக்க 21ஆம் பிரிவு இடமளிக்கிறது. 'எவரும்' என்ற சொல்லில் குருமாருக்கு விலக்கு இல்லை. வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதற்கு நம் நாட்டுச் சாட்சியச் சட்டம் தரும் பாதுகாப்பை, குருவிடம் அறிக்கையிட்டதற்குத் தரவில்லை. எனவே, 'என்னிடம் சொல், யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று எந்தப் பிள்ளைக்கும் ஆயர் வாக்குக் கொடுத்தல் கூடாது. காக்க இயலாத வாக்கு அது. குற்றவாளி சபையிலோ குடும்பத்திலோ மதிப்புள்ளவராயிருந்தால், 'உள்ளுக்குள்ளே பேசித் தீர்த்துக்கொள்ளலாம்' என்னும் குரல் எழும். அக்குரலுக்கு இணங்குவது சட்டப்படி குற்றம். பிள்ளையின் பார்வையில் அது இரண்டாம் முறை கைவிடப்படுதல்.

இச்சட்டத்தினால் எழும் ஒரு சிக்கலையும் மறைக்காமல் கூற வேண்டும். 2012இல் இச்சட்டம் நடைமுறைக்கு வருமுன் 16ஆக இருந்த சம்மத வயது 18 ஆயிற்று. ஆகவே 17 வயதுள்ள இருவர் தம் காதலைப்பற்றிப் பேசுவதும் வழக்காகிவிடக்கூடும் என அஞ்சி, வளரிளம் பருவத்தினர் சிலர் உதவி தேடுவதையே தவிர்க்கின்றனர். இதற்கு எளிய விடை நம்மிடம் இல்லை. சட்டத்தின் எல்லையை முன்னரே சொல்லிவிட்டு, எவ்வளவு சொல்வது என்பதைப் பிள்ளையே முடிவு செய்ய விடுவதே இப்போதைக்கு நேர்மையான வழி.

தற்கொலை முயற்சியைக் காவல்துறைக்கு அஞ்சி மறைக்கும் குடும்பங்கள் இன்றும் உள. 2018இல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115ஆம் பிரிவில், அவ்வாறு முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும், தண்டித்தல் ஆகாது என்கிறது. மறைக்க வேண்டியதில்லை, மருத்துவரிடம் கொண்டு செல்லலாம் என்று சபையாருக்கு எடுத்துரைப்பது ஆயரின் கடமை. சாகத் தோன்றுகிறதா எனப் பிள்ளையிடம் நேராகக் கேட்டால் அவ்வெண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்னும் அச்சமும் தவறானது. கேட்பது பிள்ளைக்கு ஆறுதலே தரும். ஆம் என்று விடை வந்தால், அப்பிள்ளையைத் தனியே விடலாகாது.

ஆயரின் பங்கு

திரைக்கு அப்பால் இருப்பவர் தேர்ச்சி பெற்றவர். அவரிடம் இல்லாதது இடம். நம்மிடம் உள்ளதும் அதுவே. சிற்றூர் ஆலயங்களில்கூட வெஸ்ட்ரி என்னும் ஒரு சிறு அறை உண்டு. காணிக்கைப் பெட்டியும் பதிவேடுகளும் அட்டை கிழிந்த பாட்டுப் புத்தகங்களும் வைக்கப்பட்டு, ஞாயிறு காலை தவிர மற்ற நாள்களில் பூட்டிக் கிடக்கிறது. ஒரு மேசை, ஒரு நாற்காலி, மின்னிணைப்பு, காதுக்கருவி, இணைய வசதியுள்ள ஒரு கைப்பேசி ஆகியவை இருந்தால் அவ்வறை ஒரு பிள்ளைக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் கிடைக்கும்.

நாம் இதனைச் சொல்லும்போது இரண்டு மறுப்புகள் எழும். முதலாவது, ஆயர் கதவு திறந்துவிடும் காவலராகிவிடுவதா என்பது. சங்கீதக்காரன் ஆலயத்தின் வாசற்படியில் இருப்பதைத் தாழ்வாகக் கருதவில்லை என்பதை இம்மறுப்பாளர்க்கு நினைவூட்டலாம். அதைவிட, வால்புரூக்கில் தேநீர் கொடுத்தவர்களை எண்ணிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். இரண்டாவது மறுப்பு வலிமையுள்ளது. இளம்பெண் ஒருத்தி வாரந்தோறும் வெஸ்ட்ரிக்குச் சென்று வருவதை ஊர் காணும், ஊர் பேசும். அத்துடன், மூடிய அறையில் பிள்ளைகளுக்குத் தீங்கு நேர்ந்த நிகழ்ச்சிகள் திருச்சபையின் வரலாற்றிலேயே உள. எனவே அறையை எவ்வாறு நடத்துவது என்பதில் மிகுந்த கவனம் வேண்டும்.

கதவின் மேற்பாதி கண்ணாடியாக இருக்கட்டும். உள்ளே இருப்பவர் தெரிவார், பேச்சு கேளாது. அறைக்குள் பிள்ளையன்றி எவரும், குறிப்பாக ஆயர், இருத்தல் கூடாது. பெண்கள் ஐக்கிய சங்கத்தைச் சேர்ந்த, வாய் காக்கத் தெரிந்த ஒருவர் வெளியே சற்றுத் தொலைவில் அமர்ந்திருக்கலாம். அங்கு ஆயருடன் இரண்டாவது பெரியவர் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். அதே கட்டிடத்தில் மாலைநேரப் படிப்பு வகுப்போ சிறு நூலகமோ நடைபெறுமானால், வந்து போகும் பல பிள்ளைகளில் ஒருத்தியாக அவளும் வந்து போவாள். தொடர் ஆலோசனைக்குப் பெற்றோரின் இசைவு பெற வேண்டும்; பெற்றோரே சிக்கலாயிருந்தால் 1098க்குத் தெரிவித்து அவர்கள் வழிகாட்டுதலின்படி செய்ய வேண்டும். வருவோர் பெயரைச் சபைப் பதிவேட்டில் எழுதலாகாது. எச்சமயத்தாரும் வரலாம், அறையைப் பயன்படுத்தியதற்கு ஈடாகச் செபத்துக்கு அழைப்பதும் துண்டுப்பிரதி கொடுப்பதும் வேண்டாம். பேய் பிடித்ததென்று அழைத்து வரப்படும் பிள்ளைக்காகச் செபிக்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அதன் பொருட்டு மருத்துவரைக் காணும் நாளை ஒத்திப்போட வேண்டாம் என்கிறோம்.

ஆற்றுப்படுத்துநர்க்கு நம்மால் மற்றோர் உதவியும் ஆகும். நெடுந்தொலைவில் இருக்கும் அவர், ஆபத்து வேளையில் ஓடிவர இயலாதவர். பிள்ளையும் வீட்டாரும் இசைந்தால், அருகிலுள்ள பெரியவர் என்ற முறையில் ஆயரின் எண்ணை அவரிடம் கொடுத்து வைக்கலாம். அழைப்பு வந்தால் செல்ல வேண்டும். அண்மையிலுள்ள அரசு மருத்துவமனை எது, இரவில் வண்டி யாரிடம் கிடைக்கும் என்பதையும் முன்னரே அறிந்திருக்க வேண்டும்.

இறையியல் மாணவர்க்கு ஒரு சொல். ஆற்றுப்படுத்தல் வகுப்பில் கேட்கும் கலையைக் கற்கிறீர்கள். கேளாதிருக்கும் கலையையும் கற்றுக்கொள்ளுங்கள். கண்ணாடிக்கு அப்பால் ஒரு பிள்ளை அழுவது தெரியும்போது, எழுந்து உள்ளே செல்லாமல் நாற்காலியிலேயே இருப்பது கடினம். வெளியே வந்ததும் என்ன பேசினாய் என்று கேட்கத் தோன்றும். தண்ணீர் வேண்டுமா என்று கேளுங்கள்; அடுத்த வாரம் அறையை எந்நாளில், எத்தனை மணிக்குத் திறந்து வைக்க வேண்டும் என்று கேளுங்கள்.